எண்ணிக்கை எனும் கடன்

அலாஸ்காவின் வடகோடியில், போஃபோர்ட் கடலில், கூப்பர் தீவு என்னும் சிறிய திட்டு ஒன்று உண்டு. கூழாங்கல்லும் மணலுமாகத் தாழ்ந்து கிடக்கும் அத்தீவில் மரமில்லை. மனிதர் குடியிருப்பும் இல்லை. ஜார்ஜ் டிவோக்கி என்னும் பறவையியல் அறிஞர் 1975-ஆம் ஆண்டு முதல் கோடைதோறும் அங்கே சென்று தங்கினார். தொடக்கத்தில் கூடாரத்திலும், பனிக்கரடிகளின் தொல்லை மிகுந்தபின் சிறு குடிலிலும் வாழ்ந்தார். எத்தனை கூடுகள், எத்தனை முட்டைகள், எத்தனை குஞ்சுகள் பறந்து சென்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்வதே அங்கே அவர் மேற்கொண்ட பணி.

அவர் எண்ணியது கருப்புக் கில்லிமாட் என்னும் கடற்பறவையை. பாறை இடுக்குகளில் கூடுகட்டும் அப்பறவைக்குப் பாறையே இல்லாத இத்தீவில் இயல்பாக இடமில்லை. ஆயினும் அமெரிக்கக் கடற்படை 1950-களில் விட்டுச்சென்ற மரப்பெட்டிகள் அங்கே சிதறிக் கிடந்தன. 1972-இல் டிவோக்கி அவற்றின் அடியில் பத்து இணைகள் குடும்பம் நடத்துவதைக் கண்டார். கிடந்த பலகைகளைத் திருப்பி வைத்து இன்னும் சில கூடுகளுக்கு இடம் செய்து கொடுத்தார். கூட்டம் பெருகி, 1980-களின் இறுதியில் இருநூறு இணைகளைத் தாண்டியது.

இப்பெருக்கத்திற்குப் பெட்டிகள் மட்டும் காரணமல்ல. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பறக்கவிட இப்பறவைக்குப் பனியற்ற நாள்கள் சுமார் 80 வேண்டும். முன்பெல்லாம் அலாஸ்காவின் வடகரைக் கோடை அவ்வளவு நீளமாய் இருந்ததில்லை. கோடை மெல்ல நீண்டபோதுதான் அங்கே குடியேற வழி பிறந்தது. முதலில், வெப்பம் அப்பறவைக்கு வாழ்வளித்தது.

பின்னர் அதே வெப்பம் அளித்ததைத் திரும்பப் பெறலாயிற்று. கடற்பனியின் விளிம்பை ஒட்டி வாழும் ஆர்க்டிக் காட் மீனே குஞ்சுகளின் உணவு. கோடையில் பனி விளிம்பு கரையை விட்டு வெகுதொலைவு பின்வாங்கியபோது அம்மீனும் எட்டாத தூரம் போயிற்று. தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் கரையோரத்து முள் நிறைந்த பெருந்தலை மீன்களைக் கொண்டுவந்தன. அவற்றை விழுங்க இயலாமல் குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. பனி மிதவைகளை இழந்த பனிக்கரடிகள் 2002 முதல் தீவில் ஒதுங்கி, கூடுகளைப் புரட்டிக் குஞ்சுகளைத் தின்றன. 2012 செப்டம்பரில் வடதுருவக் கடற்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1979-க்குப் பின் கண்ட மிகக் குறைந்த பரப்பு அது. 2020-களின் தொடக்கத்தில் கூப்பர் தீவின் இணைகள், உச்சத்தில் இருந்தவற்றில் கால் பங்குக்கும் கீழே போய்விட்டன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அழிவைத் தடுக்க இயலாதவன் அதை எண்ணிக்கொண்டிருப்பதால் என்ன பயன்? குறிப்பேட்டில் ஓர் எண் ஏறுவதாலோ இறங்குவதாலோ ஒரு குஞ்சின் பசியேனும் தீருமா?

அறிவியலின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. அண்டார்க்டிக்காவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் பிரிட்டானியர் 1950-களின் பிற்பகுதி முதல் தலைக்கு மேலுள்ள ஓசோனை அளந்துவந்தனர். பல்லாண்டுக் காலம் அந்த அளவுகள் வியப்பூட்டும் செய்தி எதையும் தரவில்லை. ஆனால் 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் தென்துருவ வசந்தத்தில் ஓசோன் கடுமையாகக் குறைந்துவருவதை உலகுக்கு அறிவித்தபோது, அந்தப் பழைய எண்களே அதற்கு அடிப்படையாய் நின்றன. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்திராவிட்டால், இழந்தது எவ்வளவு என்று சொல்ல முடிந்திராது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஓசோன் படலம் இன்று மெல்ல மீண்டுவருகிறது.

இது நல்ல விடைதான். ஆனால் முழுமையான விடை அன்று. பயன் விளைந்தமையால் ஹாலியின் எண்ணிக்கை உயர்ந்ததென்றால், பயன் விளையாத கூப்பர் தீவின் எண்ணிக்கை வீணாகிவிடும். தொடங்கிய நாளில் இரண்டுக்கும் வேறுபாடே இருக்கவில்லை. எது உலகைக் காக்கும், எது காக்காது என்பதை அளப்பவர் எவரும் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. ஒரு செயலின் மதிப்பை அதன் விளைவு மட்டுமே தீர்மானிக்கும் என்றால், நம் நற்செயல்களில் பெரும்பாலானவை தற்செயலின் தயவில்தான் நிற்கும்.

தீராத நோயில் கிடக்கும் தாயின் அருகே அமர்ந்திருக்கும் மகளை எண்ணிப் பாருங்கள். இன்று எத்தனை கரண்டி கஞ்சி உள்ளே போயிற்று, இரவில் எத்தனை மணிநேரம் உறக்கம் வந்தது என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்கு நோயைத் தீர்க்காது என்பதை அவளும் அறிவாள். ஆயினும் அதை வீண் என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. அன்பு செய்வதற்கு வேறு எதுவும் எஞ்சாதபோது, கவனித்தல் எஞ்சுகிறது. கவனியாமல் விடுவதோ, இறப்பதற்கு முன்பே ஒருவரைக் கைவிடுவதாகும்.

இன்னும் ஒன்று உண்டு. கூப்பர் தீவின் கதையில் மனிதன் இருமுறை குறுக்கிட்டான். பெட்டிகளை விட்டுச்சென்ற மாலுமிகள் பறவைகளுக்கு வீடு கட்ட நினைக்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த நாம் குஞ்சுகளின் உணவைப் பறிக்கவும் நினைக்கவில்லை. அந்த நன்மையும் எண்ணிச் செய்ததன்று. இந்தத் தீமையும் எண்ணிச் செய்ததன்று. அறியாமல் செய்ததற்கு மனச்சான்று நம்மைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டாது என்பது உண்மை. ஆனால் யாரோ ஒருவர் ஆண்டுதோறும் எண்ணி, காரணத்தையும் கண்டு சொல்லிவிட்டால், அதன்பின் அறியாமை என்னும் நிழலில் நாம் ஒதுங்கி நிற்க முடியாது. விபத்தாக இருந்தது அன்று முதல் பொறுப்பாகிவிடுகிறது.

டிவோக்கி வெறும் பார்வையாளராகவும் நின்றுவிடவில்லை. கரடிகளால் உடைக்க இயலாத பிளாஸ்டிக் பெட்டிகளை 2011-இல் மரப்பெட்டிகளுக்குப் பதிலாக வைத்தார். கரடிகளிடமிருந்து குஞ்சுகள் தப்பின. ஆனால் விலகிப்போன பனியையும் மீனையும் ஒரு பெட்டியால் திரும்பக் கொண்டுவர முடியாது. தனி மனிதன் ஒருவன் செய்யக்கூடியதன் எல்லை அதுவே. அந்த எல்லைவரை அவர் சென்றார். எல்லைக்கு அப்பால் இருப்பது அவருடைய கடமை மட்டுமன்று.

ஆகவே, எண்ணியவர் செய்த பயன் என்ன என்று கேட்பதில் நாம் திசை தவறிவிடுகிறோம். அவர் தம் பங்கை முடித்து, கணக்கை நம் கையில் தந்துவிட்டார். நாம் ஒருநாளும் காணப்போகாத கரையில், நம் பெயரை அறியாத ஒரு பறவைக்கு நாம் பட்ட கடனின் கணக்கு அது. கடன்பட்டவரிடம் கணக்கைக் கொண்டுவந்து காட்டுபவரை நோக்கி, இதனால் என்ன பயன் என்று கேட்பது முறையாகாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, இதை எப்படித் தீர்ப்பது என்பதே.