யாருடைய கணக்கில் நகரம்?

கொகைன் வியாபாரம் மயாமி நகரத்தை என்ன செய்தது என்று சொல்லும் 'கொகைன் கௌபாய்ஸ்' ஆவணப்படம் 2006இல் வந்தது. இயக்கியவர் பில்லி கார்பன். 1970களின் கடைசியில் கொலம்பியாவிலிருந்து விமானத்திலும் படகிலும் வந்திறங்கிய சரக்கு, முதியவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வரும் ஒரு கடலோர ஊரைச் சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாற்றியது. 1979 ஜூலையில் டேட்லேண்ட் வணிக வளாகத்தில் பட்டப்பகலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1981இல் அந்த வட்டாரத்தில் 600க்கும் மேற்பட்ட கொலைகள். பிணவறையில் இடம் போதாமல் குளிரூட்டிய லாரியை வாடகைக்கு எடுத்தார்கள். அதே காலத்தில் மத்திய வங்கியின் மயாமி கிளையில் பல நூறு கோடி டாலர் ரொக்கம் உபரியாகக் குவிந்தது. வானுயர்ந்த கட்டடங்கள் எழுந்தன.

அந்தப் பணம் இல்லாமல் இன்றைய மயாமி உண்டா என்று படம் கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல உட்காருபவர்கள் யார் என்பதுதான் என் சிக்கல். சரக்கை விற்ற ஜான் ராபர்ட்ஸ், கடத்திவந்த மிக்கி மண்டே, சிறைக்குள்ளிருந்து பேசும் கொலையாளி ஹோர்ஹே அயாலா. படத்தின் பெரும்பங்கு நேரம் இவர்களுடையது. சிரித்துக்கொண்டு, பழைய கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். 1982இல் தகப்பனைக் குறிவைத்த குண்டுக்கு இரண்டு வயதுக் குழந்தை பலியானதை நமக்குச் சொல்பவரும் அயாலாதான். கிரிசெல்டா பிளாங்கோ என்ற பெண் படத்தில் பேருருவமாக நிற்கிறார். அவர் கதையையும் அவருக்காகக் கொன்றவரின் வாய்மொழியாகத்தான் பெரும்பாலும் அறிகிறோம். 2024இல் அவரைப் பற்றி நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தபோது, ஆண்கள் உலகில் தனித்து எழுந்த பெண் என்ற வியப்பு நம் பக்கமும் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. கொலைத் தொழிலில் ஒரு பெண் முதலாளி ஆனதைப் பெண் விடுதலைக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

படம் காட்டும் கணக்கில் இரண்டு பத்திகள்தான்: பிணங்கள், கட்டடங்கள். வீட்டுக்குள் என்ன ஆனது என்ற மூன்றாவது பத்தி அதில் இல்லை.

இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்தால் கொகைனைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம்மிடம் டாஸ்மாக் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அது சட்டவிரோதச் சரக்கு, துப்பாக்கி முனையில் நடந்த வியாபாரம். இது அரசே பில் போட்டு விற்பது. ஒருவகையில் அதனாலேயே இங்கே கேள்வி இன்னும் கடினமாகிறது. மயாமியின் பணம் கள்ளப்பணம் என்றாவது எல்லோருக்கும் தெரியும்.

1983இல் தொடங்கிய அரசு நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2024-25இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. இந்தத் திட்டம் தொடங்கப்பட்டது காஞ்சிபுரத்தில்தான். 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள், அவர் பிறந்த ஊர். ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் பெண் செய்யும் கூலியில்லாத வேலைக்கு அங்கீகாரம் என்றும் சொன்னார்கள். அந்தச் சொல் எளிதில் கிடைத்ததல்ல. பெண்ணியவாதிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டது அது.

கூலியில்லாத வேலை என்றால் என்ன என்பதைப் பிள்ளையார்பாளையத்து வீடுகளைப் போல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்காருபவர் நெசவாளி. பெரும்பாலும் ஆண், கூலியும் அவர் பெயரில். நூல் இழைத்துத் தார் சுற்றுவது, பாவு நீட்டும்போது பிடிப்பது, கோர்வைப் புடவை என்றால் கரைக்கான நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ளுவது என்று அந்தப் புடவைக்குள் மனைவியின் கையும் மகளின் கையும் போயிருக்கும். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் பின்னிக்கொள்ளும் கோர்வை, ஒற்றை ஆளால் ஆகாத வேலை. பத்து நாளோ இருபது நாளோ கழித்துப் புடவை அறுத்துக் கொடுக்கும்போது கூலி ஒருவருக்குத்தான். முன்பணம் பிடித்தது போக மிச்சம் வீட்டுக்கு வரும் வழியில் கடை இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெசவாளி குடித்தே அழிந்தான் என்பது கூலியை உயர்த்த மனமில்லாத வியாபாரிகளுக்கு மிக வசதியான பேச்சு. குடிக்காத நெசவாளர் எத்தனையோ பேர் கடனில்தான் இருக்கிறார்கள். குழியில் பத்து மணி நேரம் உட்கார்ந்த இடுப்பு வலிக்குக் குடிப்பவரை ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்லிவிட்டு நகர்வதும் எனக்கு ஒப்பவில்லை. நான் கேட்பது அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி அல்ல. அந்த மாலையின் செலவு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதைப் பற்றி.

மகளிர் உரிமைத் தொகை வாங்கும் பெண், மதுக்கடைக்கு எதிராகப் பேசலாமா? கடைப் பணத்தில்தானே உனக்கு ஆயிரம் வருகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. பணத்துக்கு முகவரி கிடையாது, எல்லாம் பொது நிதியில் கலந்துவிடுகிறது என்பது இதற்கு ஒரு பதில். மயாமி வங்கிகளுக்கும் அது வசதியான பதிலாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அது போதாது. அவள் வாங்குவது தவறில்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: அது அவளுடைய உழைப்பின் பாக்கி. பாக்கியை வாங்கிக்கொள்பவள், கொடுப்பவரின் தொழிலுக்குச் சம்மதம் தெரிவித்ததாக ஆகாது. நன்றிக்கடனும் படமாட்டாள்.

ஆனால் கொடுக்கிறவர் பக்கம் கணக்கு அப்படி முடிவதில்லை. ஒரு வீட்டிலிருந்து மாதம் நாலாயிரம் ரூபாய் கடைக்குப் போய், ஆயிரம் உரிமை என்று திரும்பி வந்தால், அந்த ஆயிரத்துக்குப் பெயர் என்ன? காயத்துக்கு ஈடு என்றால், ஈடு கொடுக்கிறவர் காயப்படுத்துவதை நிறுத்தியிருக்க வேண்டும். காயம் தொடர்ந்தால்தான் ஈட்டுக்குப் பணம் வரும் என்ற ஏற்பாட்டை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை உரிமை என்ற நல்ல சொல்லால் அழைக்கும்போது அந்தச் சொல்லும் சேர்ந்து தேய்கிறது.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெண்களும் இறந்தார்கள். அப்போது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடை விலை கட்டாதவர்கள் மலிவானதைத் தேடிப் போனார்கள். இதை வைத்து முழு மதுவிலக்கே தீர்வு என்று நான் வாதாடப் போவதில்லை. அதன் வரலாறும் நல்லதல்ல. அண்ணா முதல்வராக இருந்த 1967 முதல் 1969 வரை வருவாயை விட்டுவிட்டு மதுவிலக்கைத் தொடர்ந்தார் என்பதையும், 1971இல் அவருக்குப் பின் வந்த அரசு அதைத் தளர்த்தியது என்பதையும் மட்டும் நினைவில் வைக்கலாம். அவர் பிறந்த நாளில், அவர் ஊரில் திட்டம் தொடங்கியவர்கள் இதை மேடையில் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெண்கள் இந்தக் கணக்கைக் கேட்காமல் இருந்ததில்லை. நெடுஞ்சாலையிலிருந்து கடைகளை நகர்த்தச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2017இல் கடைகள் ஊருக்குள் வரத் தொடங்கின. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். காவல் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தது கேமராவில் பதிவாகி ஊரெங்கும் பரவியது. அறை பதிவாகிவிட்டது. அந்தப் பெண்கள் அன்று உட்கார்ந்து என்ன கணக்குச் சொன்னார்கள் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை.

காஞ்சிபுரத்தைப் பற்றி இப்படி ஒரு ஆவணப்படம் எடுக்க நினைக்கும் மாணவி யாராவது இதைப் படித்தால், பட்டுக் கடைகளின் கண்ணாடி முகப்பும் கோபுரமும் டாஸ்மாக் வரிசையும் தானாகவே கேமராவுக்குள் வந்துவிடும். அதிகாரிகளும் கடை முதலாளிகளும் நன்றாகவே பேசுவார்கள். கோர்வை நாடாவைத் தள்ளுகிறவளிடம் சனிக்கிழமை சாயந்தரத்தைப் பற்றிக் கேளுங்கள். உரிமைத் தொகை ஏறியதாகக் குறுஞ்செய்தி வரும் அந்த ஃபோன் வீட்டில் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.