வெயிலின் மதகு யார் கையில்?

பங்குனி, சித்திரை என்றால் ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம். வெயிலில் குனிந்து கிடப்பவர்கள் பெரும்பாலும் சேரிப் பெண்கள். தோப்பு வேறு யாருடையதோ. நாற்பது வருசம் அப்படிக் குனிந்த என் அம்மாவிடம், சூரிய வெளிச்சத்தையே கொஞ்சம் குறைத்துப் பூமியைக் குளிரவைக்க விஞ்ஞானிகள் கணக்குப் போடுவதைச் சொன்னேன். "கொறைக்கட்டும்பா, தோலு உரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, மழ வருமா?" என்று கேட்டாள்.

1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்துக் கந்தக வாயு வானின் மேலடுக்குக்குப் போனது. அடுத்த ஆண்டு பூமியின் வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது. அதையே மனிதர்கள் செய்தால்? சோதித்துப் பார்க்க இன்னொரு பூமி கிடையாது. அதனால் காற்றையும் கடலையும் மழையையும் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் காலநிலை மாதிரி.

கோவிந்தசாமி பாலாவும் கென் கால்டீராவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, கரியமில வாயு இரட்டிப்பானாலும் சூரிய ஒளியை 1.8 சதவீதம் குறைத்தால் வெப்பம் பெருமளவு பழைய நிலைக்கு வரும் என்றது. பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த அதே பாலாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: வெப்பத்தை அப்படிப் பழைய அளவுக்கு இறக்கினால், உலகின் சராசரி மழை பழைய அளவுக்கும் கீழே போய்விடும். அம்மா கேட்ட கேள்விதான்.

'சராசரி' என்பதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. பல மாதிரிகளில் ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அகலம். ஆண்டிமடமும் ஜெயங்கொண்டமும் அரியலூரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். அதற்குள் போர் போட்டவரும் இருக்கிறார், வானம் பார்த்த கூலிக்காரியும் இருக்கிறாள். மழை குறைந்தால் அவருக்கு மகசூல் குறையும், இவளுக்கு வேலைநாளே போகும். இது கணிதத்தின் குற்றமில்லை. ஆனால் அந்தச் சராசரியைக் காட்டிப் 'பொது நன்மை' என்று தீர்ப்பெழுதினால் அது அதிகாரம். 'பொது' நமக்குத் தெரியாததா? மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது. அந்தத் தண்ணீரைத் தொட 1927இல் அம்பேத்கர் தலைமையில் ஊர்வலம் போகவேண்டியிருந்தது. போனவர்கள் அடிபட்டார்கள்.

ஆய்வே கூடாது என்கிறார்கள் தோழர்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் சுருண்டு விழுவது நாம்தான். மழை குறையும் என்ற எச்சரிக்கையும் மாதிரியிலிருந்துதான் வந்தது. தொடங்கிவிட்டுத் திடீரென நிறுத்தினால், தடுத்துவைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே உடைந்த ஏரிபோலப் பாயும் என்பதையும் அதுதான் சொன்னது. அறிந்துகொள்வது ஒன்று, அதைவைத்து ஆள்வது வேறொன்று.

நம்மூர் ஏரிகள் பலவற்றில் மதகைத் திறப்பது சேரிக்காரர் வேலை. எப்போது திறப்பது என்று முடிவுசெய்வது ஊர். தண்ணீரில் இறங்குகிறவருக்கு ஆயக்கட்டில் காணி நிலம் இருக்காது. இப்போது வெயிலுக்கும் மதகு வைக்கப் பார்க்கிறார்கள். எங்களைக் கேட்கவில்லை என்று சாமி பழங்குடி மக்களின் மன்றம் எதிர்த்தபிறகு, 2021இல் ஸ்வீடனில் நடக்கவிருந்த ஹார்வர்டு பலூன் சோதனை நிறுத்தப்பட்டது. அப்படிக் கேட்க நமக்கும் உரிமை உண்டு.

எவ்வளவு குறைக்கலாம் என்று மாதிரி சொல்லும். யார் குறைக்கலாம் என்று அதனால் சொல்ல முடியாது. அதைப் பேசும் இடத்தில் முந்திரித் தோப்பில் குனிந்தவளும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அங்கேயும் மழையைப் பற்றித்தான் முதலில் கேட்பாள்.