வெள்ளைச் சுவரும் கருமணலும்

பொங்கல் வருகிறது, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். பழைய அழுக்கு மறைகிறது, சுவர் பளிச்சிடுகிறது, வருவோர் போவோர் வாயாரப் புகழ்கின்றனர். அந்த வெண்மை எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து என்போம். கடைக்கு? ஆலையிலிருந்து. ஆலைக்கு? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் விடை நம் காலடியிலேயே கிடக்கிறது, தோழர்களே! இன்றைய பெயின்டுக்கு வெண்மை தரும் பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. அதைப் பெற்றெடுக்கும் தாய், இல்மனைட் என்னும் கருமணல். வெள்ளைக்குக் கருப்பே தாய்! கருஞ்சட்டை கண்டால் முகம் சுளிப்போர் தம் வீட்டுச் சுவரைச் சற்றுத் தொட்டுப் பார்க்கட்டும்.

வைப்பாற்றிலிருந்து குமரிமுனை வரை நீளும் நம் கரையில் அலை ஒரு வேலை செய்கிறது. எல்லா மணலையும் ஏற்றி வருகிறது. இலேசானதை இழுத்துக்கொண்டு திரும்புகிறது. கனமானதைக் கரையிலே விட்டுச் செல்கிறது. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகக் கூலி கேளாத உழைப்பு! அவ்வாறு சேர்ந்தவையே கரும் இல்மனைட்டும் செந்நிறக் கார்னெட்டும் ரூட்டைலும் சிர்க்கானும் மோனசைட்டும். கார்னெட், கப்பலின் துருவைச் சுரண்டவும் இரும்பை அறுக்கவும் பயன்படுகிறது. சிர்க்கான், நாம் கால் வைக்கும் தரை ஓட்டுக்கு மினுமினுப்புத் தருகிறது. மோனசைட்டிலே அணுசக்திக்குரிய தோரியம் அடங்கியிருக்கிறது.

இதனை முதலில் விலைபேசியவர் நம்மவர் அல்லர். 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிற்றை வாங்கியவன் மண்ணையும் கண்டுகொண்டான்! மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அங்கிருந்து போன தோரியம், ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகளில் வெண்ணொளி வீசியது. அந்த வெளிச்சத்தில் நடந்தவன் மணவாளக்குறிச்சி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பானா? இல்லை. நாம் மட்டும் கேட்டிருக்கிறோமா என்ன?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்ட ஆட்சியராக இருந்த ஆஷிஷ்குமார், வைப்பாறு பகுதியில் மணல் அள்ளப்பட்ட இடங்களைச் சோதனையிடச் செய்தார். அனுமதி பெற்ற எல்லைக்கு அப்பாலும் அள்ளப்பட்டிருப்பது தெரிய வந்தது. உடனே மாற்றப்பட்டவர் யார்? மணல் அள்ளியவரா? அல்லர், அளந்தவர்! எதிர்ப்புக் குரல் எழுந்தது. ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தடை பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பின்னர் ஆண்டுகள் பல ஓடின. 2025 பிப்ரவரி 17 அன்று சென்னை உயர்நீதிமன்றம், இந்த வழக்குகளை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. முறைகேடாக எடுக்கப்பட்ட கனிமத்துக்காக 5,832 கோடி ரூபாய் வசூலிக்க அரசு எடுத்த நடவடிக்கை செல்லும் என்றது. அரசியலாருக்கும் அதிகாரிகளுக்கும் சுரங்கத்தாருக்கும் இடையே இருந்த கூட்டையும் சுட்டிக்காட்டியது.

ஐயாயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு கோடி! இருளில் சுவரேறிக் குதித்துக் கொண்டுபோன செல்வமல்ல இது. பட்டப்பகலில், பொதுச்சாலையில், லாரி லாரியாகப் போனது. வழியில் சோதனைச் சாவடி உண்டு, அங்கே நடைச்சீட்டைப் பார்க்க ஆள் உண்டு. நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு, துறைமுகத்தில் எடை போடத் தராசு உண்டு. எல்லாம் இருந்தும் எவரும் பார்க்கவில்லை என்றால், பாராமல் இருப்பதே ஒரு பணியாக, ஊதியம் பெறும் பணியாக ஆகிவிட்டது என்றுதானே பொருள்? லஞ்சம் என்றதும் மேசைக்கடியில் நீளும் கையை நினைக்கிறோம். பெரிய லஞ்சம் கையை நீட்டச் சொல்வதில்லை, தோழர்களே. கண்ணை மூடச் சொல்கிறது, அவ்வளவே!

இப்போது நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இது. பெயின்டு வாங்கிய நாம் குற்றவாளிகளா? ஆம் என்போர் சிலர். சுவர், விளக்கு, விசிறி அனைத்தையும் துறந்து பழங்காலத்துக்குத் திரும்புக என்பர். நாம் அதை ஏற்கவில்லை. விஞ்ஞானத்தைப் பழிப்பது நம் மரபல்ல. இல்மனைட்டில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. வேறு சிலர், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு, விலை கொடுத்தோம், பொருள் வாங்கினோம், கணக்குத் தீர்ந்தது என்பர். தீர்ந்ததா? மணற்குன்று போனால் கடல் ஊருக்குள் நுழையும். நன்னீர்க் கிணறு உப்பாகும். ஆமை முட்டையிட இடம் தேடி அலையும். வலை உலர்த்திய திடல் குழியாகும். இவற்றில் எந்தச் செலவு பெயின்டு டப்பாவின் விலையில் எழுதப்பட்டிருக்கிறது? ஒன்றுமில்லை. அந்தப் பகுதியை நமக்காகக் கரையோர மக்கள் கட்டுகின்றனர். அவர்களிடம் ஒப்புதல் கேட்டவரும் இல்லை. ஆகவே குற்றம் வேறு, கடன் வேறு என்போம். குற்றம் செய்தவனை நீதிமன்றம் தேடட்டும். கடன்பட்டவர்கள் நாம்.

எங்கள் உடன்குடியில் கருப்பட்டிக்கு ஒரு நேர்மை உண்டு. பனையேறி காலையும் மாலையும் மரமேறுவதை ஊரே காண்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும், விடிலியில் பதநீர் கொதிப்பதும், புகையில் பெண்கள் கண் கலங்குவதும் யாவரும் அறிந்தவை. விலையைக் கேட்டு முகம் கோணுவோரும், அந்த விலையில் இருப்பது யாருடைய வியர்வை என்பதை அறிவர். (சீனி கலந்து கருப்பட்டி காய்ச்சும் புண்ணியவான்களும் இங்கு உண்டு, அவர்களுக்குத் தனிக் கட்டுரை தேவைப்படும்!) பனைக்கும் மணலுக்கும் நடுவே இருப்பது சில கல் தொலைவே. ஆனால் ஒன்றின் செலவு கண்முன் நிற்கிறது, மற்றொன்றின் செலவு மறைக்கப்படுகிறது.

மறைப்பதற்கு உதவியாக வேதாந்தமும் வருகிறது. கடல் வீட்டைக் கொண்டுபோனால் கடலன்னை சினங்கொண்டாள் என்கின்றனர். கிணறு கரித்தால் ஊர் செய்த பாவம் என்கின்றனர். வேண்டுதல் செய்கின்றனர், விழா எடுக்கின்றனர். விதி என்று பெயர் சூட்டியவுடன் கணக்குக் கேட்கும் வேலை ஒழிந்துவிடுகிறதல்லவா! குன்று கரைந்தது காற்றாலா, இயந்திரத்தாலா? இயந்திரம் என்றால் எவருடைய அனுமதியில், எந்த எல்லைக்குள்? விதியை நம்பாத நம் இளைஞர்கள் இதைக் கேட்க வேண்டாமா? கடவுள் மறுப்பை மேடையில் முழங்கிவிட்டு, வட்டாட்சியர் அலுவலகப் படியில் வாய் மூடி நிற்பவனைப் பகுத்தறிவாளன் என்று எப்படி அழைப்பது?

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முறைகேடு நடந்ததாகக் கணக்கிடப்பட்ட காலம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள். அக்காலத்தில் தமிழகத்தை மாறி மாறி ஆண்டவர்கள் இரு கழகத்தாருமே. வடவர் சுரண்டல் என்று எழுதி எழுதித் தேய்ந்த பேனா, இங்கே என்ன எழுதப் போகிறது? நம்மவர் ஆட்சியில் நடந்ததை நாம் கேட்காவிட்டால் பிறர் கேட்பர். அவர்கள் கேட்பது கரைக்காக இராது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குக்குப் பணம் பாய்ந்தது என்று தேர்தலையே நீக்கியது ஆணையம். அப்பணம் எந்தக் குன்றைக் கரைத்த பணமோ, எந்த ஆற்றைச் சுரண்டிய பணமோ! ஐந்நூறு ரூபாய் பெற்றவன் ஐந்தாண்டுக்கு வகுத்துப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு இருபத்தேழு காசு.

ஆயினும் ஓர் எதிர்வாதம் நம்மை உறுத்துகிறது. அதை எளிதில் தள்ள முடியவில்லை. மணல் ஆலைகளில் வேலை பார்த்தவர்களும் நம் மக்களே. தடை வந்தபோது கூலி நின்றது அவர்களுக்கு. முதலாளிக்கு வேறு தொழில் உண்டு, மூட்டை தூக்கியவனுக்கு? அவனிடம் போய்ச் சுற்றுச்சூழல் பேசும் துணிவு நமக்கு இல்லை, இருக்கவும் கூடாது, கையில் வேறு வேலை ஒன்றைக் கொண்டு செல்லாதவரை. ஒரே தெருவில் மீன்பிடிப்பவன் ஒருபக்கம், மணல் சலிப்பவன் மறுபக்கம் என்று ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்திவிட்டு, இலாபம் கார் ஏறிப் போய்விட்டது.

2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கெனப் பணம் சேர்க்க மாவட்டக் கனிம அறக்கட்டளை வேண்டும் என்கிறது. அந்தப் பணம் எந்த ஊரின் கிணற்றுக்கு வந்தது? அந்த 5,832 கோடி வசூலானால் அதில் கரைக்கு எவ்வளவு, கருவூலத்துக்கு எவ்வளவு? கிராமசபை கூடும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் நம் தோழர்கள், அடுத்த முறை இந்த இரண்டு கேள்விகளையும் எழுதி எடுத்துச் செல்லட்டும். எழுத்து மூலம் விடை கேட்கட்டும். நாமும் வருகிறோம்.