மலிவும் மனச்சான்றும்

மலிவாகக் கிடைத்த ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது நம் முகத்தில் தனியான ஒரு மலர்ச்சி தோன்றுகிறது. பொருளின் அழகையும் தரத்தையும் பிறகு சொல்கிறோம். வாங்கிய விலையை முதலில் சொல்கிறோம். கேட்பவரும், "பரவாயில்லையே!" என்று நம் சாமர்த்தியத்தை மெச்சுகிறார். இந்த மகிழ்ச்சி குற்றமற்றதுதானா? இக்கேள்வி சந்தையிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் நம்மைக் கடந்து போகிறது. நாம்தான் நின்று பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு சிந்திப்போம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாடு பற்றிய ஏடு, ஆலயத்தின் பேரிசைக் கருவியாகிய பைப் ஆர்கனுக்கு உரிய சிறப்பை எடுத்துரைத்தது. வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றும் அது கூறியது. இன்று நம் பாடகர் குழுக்களில் கீபோர்டு, தபேலா, கிட்டார் ஆகியவற்றோடு பேஸ் கிட்டாரையும் காண்கிறோம். 1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவமே இன்றைய பேஸ் கிட்டார்களுக்கு முன்மாதிரி. நான்கு தடித்த கம்பிகள். சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்த ஒலி. அது ஒலிக்கும்போது பலர் அதைத் தனியே கவனிப்பதில்லை. அது நின்றால் மட்டும் பாட்டு வெறுமையாகிவிட்டதை உணர்கிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் உள்ள சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாடகர் குழுவின் இளைஞர்கள் பழைய பேஸ் கிட்டார் ஒன்றைத் தேடிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது வீடு வீடாகத் திரட்டிய 12,000 ரூபாய். மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்து மறைந்த ஒருவரின் வீட்டில் அந்தக் கருவி இருக்கிறது. அதைப் போன்ற பழைய கருவி கடையில் 25,000 ரூபாய்க்குக் குறையாது என்பது இளைஞர்களுக்குத் தெரியும். அவருடைய மனைவிக்குத் தெரியாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. "5,000 ரூபாய் கொடுத்தால் போதும், தம்பி. வீட்டில் சும்மாதானே கிடக்கிறது" என்கிறார் அந்தத் தாய். இளைஞர்கள் என்ன செய்ய வேண்டும்?

"அவரே சொன்ன விலை; நாம் ஏமாற்றவில்லையே" என்பது உடனே எழும் மறுமொழி. உலக வழக்கு இதை ஏற்கும். ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் சுருக்கத்தில் இதே சிக்கலை எடுத்து ஆராய்கிறார். பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவர் விற்கும்போது, அது பொன் என்று அறிந்தே வாங்குபவர் அநீதியாக வாங்குகிறார்; அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய தீர்ப்பு. விற்பவர் வாய் திறந்து ஒரு விலையைச் சொன்னது மட்டும் அவ்விலையை நேர்மையானதாக்கிவிடாது. அறியாமையில் தந்த சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

நெருக்கடியில் தந்த சம்மதமும் அத்தகையதே. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு இசையும் தொழிலாளி உண்மையில் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறார் என்று எடுத்துரைத்தது. கூலிக்குப் பொருந்தும் இந்நீதி விலைக்கும் பொருந்தும். அருகிலுள்ள சின்னாளபட்டியின் கைத்தறி நெசவாளர்களையும் திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலாளர்களையும் எண்ணிப் பார்ப்போம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆனால் பெருமை மட்டும் அடுப்பை எரிக்காது. நாம் அடித்துப் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் எவருடைய உழைப்பிலிருந்தோ கழிகிறது.

அப்படியானால் மலிவாக வாங்குவதே பாவமா? அல்ல. நேர்மையான விலை என்பது ஊசி முனையில் நிற்கும் ஒரே எண் அன்று. சற்று ஏறவும் இறங்கவும் அதற்கு இடம் உண்டு என்று புனித தாமஸே ஒப்புக்கொள்கிறார். விலை அறிந்த ஒருவர், புதிய கருவி வாங்கிவிட்டதால் பழையதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட விரும்பலாம். கழுத்துப் பகுதி வளைந்த பேஸ் கிட்டாரைச் சரிசெய்யத் தெரிந்தவர், அக்குறைக்கு ஏற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம். பாடகர் குழுவுக்கு என்று தெரிந்து ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். இவற்றில் எவரும் நட்டமடைவதில்லை. முதலாமவருக்கு இடம் மிச்சம், இரண்டாமவருக்கு உழைப்பின் பயன், மூன்றாவதோ கொடை. குறைந்த விலை அங்கே எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. மிகுதியிலிருந்து வந்தால் அது நன்மை. அறியாமையிலிருந்தோ வறுமையிலிருந்தோ வந்தால் அது நம் கையில் தங்கிவிட்ட பிறர் பொருள்.

இதே கடமை விற்பவருக்கும் உண்டு. மறைந்திருக்கும் பழுதை அவர் சொல்லியாக வேண்டும். மேலும், பழைய பொருள் வாங்குபவர் அது யாருடையது என்றும் கேட்க வேண்டும். இசைக்கலைஞர் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார், 1972இல் லண்டனில் திருடுபோயிற்று. ஒரு வீட்டின் பரணில் கிடந்து, அது அவரிடமே திரும்பி வந்த செய்தி 2024இல்தான் வெளியாயிற்று. மலிவு விலைக்குப் பின்னால் இன்னொருவருடைய இழப்பு மறைந்திருக்கக்கூடும்.

விவிலியம் இந்தச் சந்தை உளவியலை நன்கு அறியும். வாங்கும்போது பொருள் மட்டம் என்று பழித்து, அப்பால் சென்றதும் தன் திறமையைப் பீற்றிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரம் காட்டுகிறது. சீராக்கின் ஞானமோ, கற்களின் இடுக்கில் முளை செருகப்படுவதுபோல் வாங்குதலுக்கும் விற்றலுக்கும் இடையே பாவம் புகுந்துவிடுகிறது என்று எச்சரிக்கிறது. நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத காவிரிப்பூம்பட்டின வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது; பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் கூறுகிறது.

புனித அகுஸ்தினார் தம் திரித்துவ நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். மக்கள் மனத்தில் இருப்பதைச் சொல்லப்போவதாக அறிவித்துக் கூட்டம் கூட்டிய கூத்தன் ஒருவன், "மலிவாக வாங்கி விலையேற்றி விற்க விரும்புகிறீர்கள்" என்ற பொருளில் சொன்னானாம், அனைவரும் ஆரவாரித்தார்களாம். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது என்கிறார் அகுஸ்தினார். மதிப்பறியாமல் மிகக் குறைந்த விலைக்கு ஒரு நூலை விற்க வந்தவருக்கு, அவர் எதிர்பாராத முழு விலையையும் கொடுத்த ஒருவரைத் தாம் அறிவதாக எழுதுகிறார். அத்தகைய ஒருவர் போதும், "உலகமே இப்படித்தான்" என்ற நம் சாக்கு உடைந்துபோக.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நிலத்தில் புதையலைக் கண்டவர் அதை மறைத்துவிட்டு அந்நிலத்தை வாங்கியதாக ஆண்டவர் இயேசுவே உவமை சொன்னாரே! அவ்வுவமை விலை பேசும் தந்திரத்தைக் கற்பிக்க வந்ததன்று. அம்மனிதர் தமக்கு உள்ளதை எல்லாம் விற்கிறார் என்பதே அதன் உயிர். மலிவு தேடும் மனம், "எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம்?" என்று கேட்கிறது. இறையாட்சியைக் கண்ட மனம், "இன்னும் எதைக் கொடுக்கலாம்?" என்று கேட்கிறது.

தாவீது அரசருக்கு அரவுனா தம் களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே தர முன்வந்தார். தமக்குச் செலவில்லாத ஒன்றை ஆண்டவருக்குப் பலியாக்க விரும்பாத தாவீது 50 வெள்ளிக்காசு கொடுத்தே வாங்கினார். அந்த இளைஞர்கள் வாங்கப்போகும் கருவியும் பலிபீடத்தின் அருகே ஒலிக்கப்போவதுதான். ஆகவே அவர்கள் முதலில் அந்தத் தாயிடம் உண்மை விலையைச் சொல்ல வேண்டும். பிறகு, "அம்மா, எங்களிடம் 12,000தான் இருக்கிறது. இதை வைத்துக்கொள்ளுங்கள், மீதியைத் தவணையாகத் தருகிறோம். இல்லையென்றால் கடையில் நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம்" என்று சொல்லலாம். உண்மையை அறிந்தபின் அவரே குறைத்துக் கொடுத்தால் அது கொடை; நன்றியோடு பெறலாம்.

நமக்கு ஓர் எளிய உரைகல் போதும். வாங்கிய விலையை நண்பர்களிடம் மகிழ்ந்து சொல்கிறோமே, அந்தக் கதையை விற்றவர் முன்னிலையிலும் நம்மால் அப்படியே சொல்ல முடியுமா? முடியுமானால் நம் மகிழ்ச்சி தூயது. முடியாதென்றால், கொடுக்க வேண்டிய பாக்கி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. சக்கேயு அதைத் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்ற நாளில்தான் அவர் வீட்டுக்கு மீட்பு வந்தது.