கோப்பையா, பந்தா?

கடல் கடந்து வந்து பினாங்கில் கடை வைத்த நம்மவர்கள், பிறந்த ஊரை மறந்ததில்லை. கிணறு வெட்டவும், மதரஸா கட்டவும், ஏழைக் குமர் காரியங்களுக்கும் இங்கிருந்து பணம் போயிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் காற்பந்து ஆட உதவி கேட்டால் மட்டும் நமக்குத் தயக்கம் வருகிறது. பசித்தவன் இருக்கும்போது பந்துக்குச் செலவழிப்பது தர்மமாகுமா?

கேள்வி நியாயமானதே. பசித்தவனுக்குரியது முதலில் அவனுக்கே போகவேண்டும். ஜகாத்தை இதற்குத் திருப்பலாகாது. நான் பேசுவது, அதற்கு மேல் நாம் மனமுவந்து கொடுக்கும் பணத்தைப் பற்றி.

கென்யாவின் தலைநகரான நைரோபியில் மத்தாரே என்றொரு குடிசைப் பகுதி உண்டு. அங்கே 1987-ல் கனடா நாட்டவரான பாப் மன்றோ என்பவர் பிள்ளைகளுக்காகக் காற்பந்துச் சங்கம் தொடங்கினார். ஆட்டத்தில் வென்றால் புள்ளி கிடைப்பதுபோல, தெருக் குப்பையை அள்ளிய குழுவுக்கும் அங்கே புள்ளி உண்டு. சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்த, நடுவராக நின்ற பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவுக்கு உதவியும் கிடைத்தது. வாங்கும் கை அங்கே கொடுக்கும் கையாயிற்று. இதைத் தர்மம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நாக்பூரில் குடிசைப் பிள்ளைகள் உடைந்த வாளியை உதைத்து ஆடக் கண்ட ஆசிரியர் விஜய் பார்சே, 2001-ல் அவர்களைச் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார். தொடக்கத்துக்கு வேண்டியிருந்தது ஒரு பந்தும், பிள்ளைகளோடு நிற்க ஒரு மனிதரும்தான்.

நம் ஊர்களுக்கும் இந்த ஆட்டம் புதிதல்ல. காயல்பட்டினம் ஐக்கிய விளையாட்டுச் சங்கம், மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரால் அகில இந்தியக் காற்பந்துப் போட்டியைப் பல்லாண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. கொடுக்கும் விதத்தில்தான் நாம் யோசிக்கவேண்டும்.

வெளிநாட்டிலிருப்பவருக்குத் தம் பெயர் பொறித்த வெள்ளிக் கோப்பை அனுப்ப ஆசை. அதில் குற்றமில்லை. போட்டி நடந்தால் ஊர் திரளும், ஆட்டக்காரனுக்கு உற்சாகம் பிறக்கும். ஆனாலும் வியாபாரிகளே, பெயர்ப்பலகை வேறு, முதல் வேறு என்பது நமக்குத் தெரியாததா? கோப்பை ஒரு நாள் ஒரு குழுவின் கையில் இருக்கும். பந்தோ அன்றாடம் உதைபட்டுத் தேயும். பயிற்சியாளருக்கு மாதாமாதம் கூலி வேண்டும். திடலைச் சமன் செய்யவேண்டும். இவற்றில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது. ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் தோளோடு தோள் உரசி ஆடுவது இவற்றால்தான்.

ஆகவே பணம் அனுப்புமுன் ஊராரிடம் மூன்று கேள்வி கேட்போம். அன்றாடம் எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள்? பயிற்சியாளருக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? அப்பிள்ளைகள் ஊருக்கு என்ன செய்கிறார்கள்? ஊரில் இருப்பவர்களுக்கே ஊரின் தேவை தெரியும். அவர்கள் தரும் விடை மனத்துக்கு நிறைவாக இருந்தால், கணக்கைக் கேட்டு வைத்துக்கொண்டு, தயங்காமல் கொடுக்கலாம்.