ஆத்மாபஹாரம்: களவா, கையாடலா?

'ஹ்ரு' என்னும் தாதுவுக்கு எடுத்துச் செல்லுதல் என்று பொருள். 'அப' முன்னே சேர்ந்தால், உரியவரிடமிருந்து அகற்றிக்கொண்டு போதல். மஹாபாரதத்தில் சகுந்தலை, தன்னை அறியாதவன்போல் பேசும் துஷ்யந்தனை ஆத்மாபஹாரம் செய்யும் கள்வன் என்கிறாள். தன்னை உள்ளபடி காட்டாமையே அங்கு களவு. நம் பூர்வாசார்யர்களோ, எம்பெருமானுக்குச் சேஷமான ஆத்மாவை 'என்னது' என்றிருப்பதை இச்சொல்லால் குறித்தார்கள்.

களவு என்பதில் மட்டும், வங்கியில் பணிபுரிந்த அடியேனுக்குச் சிறு தயக்கம். இந்திய தண்டனைச் சட்டத்தின் (இப்போது பெயரும் எண்களும் மாறிவிட்டன) 378ஆம் பிரிவில் திருட்டு என்பது, பிறர் வசமிருப்பதைச் சம்மதமின்றி எடுப்பது. 405ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடி, நம்மிடம் ஒப்படைத்ததை நமதாக்கிக்கொள்வது. வங்கியர் அதைச் செய்தால் 409. ஆயுள் தண்டனைவரை உண்டு. அடகு நகைகளைப் பெட்டகத்தில் பூட்டிய நாட்களில் அந்தப் பொன் என்னிடம் இருந்தது, என்னுடையதன்று. ஆத்மாவும் அப்படித்தானே? இது கையாடல்.

அடியேன் வசிக்கும் பேச்சிப்பாறை அணையிலிருந்து கோதையாறு இறங்கும் வழியில் உள்ளது திருவட்டாறு. அங்கே ஆதிகேசவப் பெருமாளின் பொன் களவுபோனது 1992இல் வெளிப்பட்டது. 2014இல் நாகர்கோவில் நீதிமன்றம் தண்டித்தவர்களில் கோயில் பணியாளர்களும் இருந்தனர். செய்தியைப் படித்துக் கொதித்தேன். மறுநாள் திருவாராதனம் முடித்து எழுகையில், 'இன்று நன்றாகச் செய்தேன்' என்றது மனம். சாவி என் கையிலும்தான் இருந்தது.