நன்றிக்கு ஒரு மணப்பெண்

மரியான் டாஷ்வுட் கர்னல் பிராண்டனை முதன்முதலில் சந்திக்கும்போது அவளுக்கு இன்னும் 17 வயது நிரம்பவில்லை, அவருக்கு 35. தோளில் லேசாக வாத வலி என்று சொல்கிறவர், குளிருக்கு ஃபிளானல் உள்ளங்கி போடுகிறவர், இனிமேல் அவருக்குக் காதல் ஏது, கல்யாணம் ஏது என்று அவள் அப்போதே தீர்ப்பு எழுதிவிடுகிறாள். 27 வயதாகியும் வரன் அமையாத, வசதியும் இல்லாத ஒரு பெண் வேண்டுமானால் நர்ஸ் வேலைக்குப் போவதுபோல நினைத்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அந்த மரியான்தான் 19 வயதில் அவருக்கு மனைவியாகிறாள். ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ இந்தக் கல்யாணத்தைச் சொல்லிவிட்டு முடிகிறது. அவளுக்குக் கிடைத்தது நல்ல வாழ்க்கைதானா என்ற சந்தேகம் மட்டும் நாவலைப் படித்து முடித்தவர்களை விட்டபாடில்லை.

நாவலின் பதில் தெளிவாகவே இருக்கிறது. அரைகுறையாக நேசிக்க மரியானுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் காதலன் வில்லோபிக்குக் கொடுத்த மனத்தை நாளடைவில் முழுதாகக் கணவனுக்கே கொடுத்துவிட்டாள் என்கிறது. ஆனால் இதைக் கதைசொல்லிதான் சொல்கிறாள். நாம் கண்ணால் பார்ப்பதில்லை. வில்லோபி அவளைக் குன்றுச் சரிவிலிருந்து தூக்கிவருவது, அவள் கூந்தலில் ஒரு சுருளை அவன் வெட்டி எடுத்துக்கொண்டதைத் தங்கை பார்த்துவந்து சொல்வது, லண்டன் விருந்தில் அவளைத் தெரியாதவன்போல நடந்துகொள்வது எல்லாமே காட்சிகளாக வருகின்றன. பிராண்டன் அவளிடம் கல்யாணம் பேசியதும் அவள் சம்மதித்ததும் காட்சியாக இல்லை. இருவரும் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் ஓர் இடம்கூட நாவலில் கிடையாது. சினிமா எடுத்தவர்களுக்கு இந்த இடைவெளி உறுத்தியிருக்க வேண்டும். 1995இல் வந்த ஆங் லீ படத்தில் பிராண்டன் அவளுக்குக் கவிதை வாசித்துக் காட்டுகிறார், பியானோ அனுப்பிவைக்கிறார். ராஜீவ் மேனன் இதே கதையைக் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தபோது, மம்மூட்டிக்கும் ஐஸ்வர்யா ராய்க்கும் நடுவே நேருக்கு நேர் பேசும் காட்சிகளை வளர்த்தார். ஆஸ்டின் எழுதாமல் விட்டதை இரண்டு படங்களும் எழுதி நிரப்பின.

கல்யாணத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. அவள் தானாகத் தேர்ந்தெடுத்த வில்லோபி, பிராண்டன் வளர்த்த எலைசா என்ற சிறுபெண்ணைக் கர்ப்பிணியாக்கிக் கைவிட்டவன். பிறகு 50,000 பவுண்டு சொத்துள்ள மிஸ் கிரேயைத் தேடிப் போனவன். மரியானின் தாயும் மூன்று மகள்களும் ஆண்டுக்கு 500 பவுண்டில் குடும்பம் நடத்துகிறார்கள். பிராண்டனுக்கு டெலஃபோர்ட் பண்ணையிலிருந்து 2,000 பவுண்டு வருகிறது. (பணத்தை மதிக்காதவள் என்று பெயரெடுத்த மரியான், எளிய வாழ்க்கைக்குப் போதும் என்று முன்பு சொன்ன தொகையும் ஏறக்குறைய இதேதான், ஆஸ்டின் இந்தக் கிண்டலை வெகு முன்பே விதைத்துவிட்டார்.) அன்றைய இங்கிலாந்தில் கணவனைத் தவறாகத் தேர்ந்தால் மீள வழியில்லை. மறுமணத்துக்கு இடம் தரும் விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே போட்டாக வேண்டும். மனைவியின் சம்பாத்தியமும் சொத்தும் அவளுக்கே என்று சட்டம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியது 1870க்குப் பிறகு. இப்படிப்பட்ட உலகத்தில் நல்லவன் ஒருவன் கிடைப்பது சின்ன விஷயமல்ல. பிராண்டன் நல்லவர்தான். செய்த உதவி எதையும் அவர் சொல்லிக் காட்டியதில்லை.

ஆனாலும் நெருடுவது அவரல்ல, அவளைச் சுற்றி இருந்தவர்கள். தாய், அக்கா எலினோர், அக்காள் கணவன் எட்வர்ட் மூவரும் பிராண்டனின் துயரத்தையும் தங்கள் நன்றிக்கடனையும் நினைத்துப் பார்க்கிறார்கள். எல்லாருமாகச் சேர்ந்து மரியானையே அவருக்குரிய பரிசாக முடிவு செய்துவிடுகிறார்கள். இத்தனை பேர் சேர்ந்துகொண்ட பிறகு அவள்தான் என்ன செய்ய முடியும் என்று கதைசொல்லியே கேட்கிறாள். வேடிக்கையாகத்தான் கேட்கிறாள். ஆனால் அந்த வேடிக்கைக்குள் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மரியான் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகப் போய்த் தாயைக் கூட்டிவந்தார் பிராண்டன். அந்தக் கடன் மரியானுக்கும் உண்டு, தாய்க்கும் உண்டு. ஆனால் எட்வர்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 பவுண்டு வருமானமுள்ள டெலஃபோர்ட் பாதிரியார் பதவியைக் கொடுத்ததும், அதனால் எலினோரின் குடித்தனம் நடப்பதும் யாருடைய கடன்? பட்டவர்கள் வேறு, அடைக்கப்போகிறவள் வேறு. மேலும் மரியான் டெலஃபோர்டுக்கு வாழ்க்கைப்பட்டால் எலினோருக்குத் தங்கை பக்கத்திலேயே இருப்பாள்; தாய்க்கு இரண்டு மகள்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்; எட்வர்டுக்குத் தன்னை ஆதரிக்கும் நிலக்காரரே சொந்தக்காரராகிவிடுவார். அவர்களுடைய நன்றி பொய்யல்ல. ஆனால் அந்த நன்றியில் அவர்களுக்கு லாபமும் இருந்தது.

செய்ந்நன்றியைத் தலையான அறமாகப் போற்றும் மரபில் வளர்ந்த வாசகருக்கு இந்த இடம் இன்னும் சங்கடமானது. திருக்குறள் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. நன்றி மறப்பது பாவம், சரி. ஆனால் ஒருவர் பட்ட நன்றியை இன்னொருவரின் வாழ்நாளால் செலுத்தலாமா? உதவி செய்தவர் கேட்காதபோதே அவர் மனம் அறிந்து ஒரு பெண்ணைக் கொடுப்பது பெருந்தன்மைபோலத் தோன்றும். கொடுக்கிறவர்களுக்கு அதில் எந்த இழப்பும் இல்லை என்பதால்தான் அவ்வளவு தாராளமாகக் கொடுக்க முடிகிறது.

பிராண்டனுக்கு இது தெரியாத விஷயமா? அவருடைய முதல் காதலியும் எலைசா என்ற பெயருடையவள்தான். குடும்பத்தின் கடன் தீர அவளுடைய சொத்து தேவைப்பட்டதால், 17 வயதில் அவள் விருப்பத்துக்கு மாறாக அவளைப் பிராண்டனின் அண்ணனுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணம் முறிந்தது. அவள் சீரழிந்து இறந்தாள். மரியானின் சாயலில் அவளைத்தான் பிராண்டன் பார்க்கிறார். வீட்டின் தேவைக்காக ஒரு பெண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நாவலில் வேறு எவரையும்விட நன்றாக அறிந்தவர் அவர். இரண்டும் ஒன்றல்ல; அங்கே கொடுமை, இங்கே அன்பு. ஆனால் தன்னை ஏற்றது மரியானின் மனமா, அவள் வீட்டாரின் நன்றியா என்று அவர் ஒருதரமாவது கேட்டாரா? நாவல் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவர் மேல் நமக்கிருக்கும் மரியாதை இன்னும் கூடியிருக்கும்.

ஆஸ்டினுக்கு இது புரியாமல் இல்லை என்பதற்கு அவருடைய அடுத்தடுத்த எழுத்தே சாட்சி. 1814இல் வந்த ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ஃபேனி பிரைஸ், பணக்கார ஹென்றி கிராஃபர்டை வேண்டாம் என்கிறாள். எடுத்து வளர்த்த பெரியப்பா சர் தாமஸ் அவளை நன்றி கெட்டவள் என்று கடிந்துகொள்கிறார். வறுமை எப்படி இருக்கும் என்று புரியட்டும் என்று போர்ட்ஸ்மத்தில் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அவள் அசையவில்லை. நாவல் அவள் பக்கம்தான் நிற்கிறது. அங்கே குற்றமாகத் தெரிந்த வற்புறுத்தல், இங்கே குடும்பப் பாசமாகச் சிரிப்போடு கடந்துபோகிறது. அதட்டலை எதிர்த்து நிற்கலாம். பிரியமாகச் சுற்றி நின்று எதிர்பார்ப்பவர்களிடம் மாட்டேன் என்று சொல்வது அதைவிடக் கடினம். ஃபேனிக்கு முடியாது என்று சொல்ல ஓர் இடம் இருந்தது, அதற்கான தண்டனையும் இருந்தது. மரியானுக்கு அந்த இடமே அமையவில்லை.

ஆஸ்டினின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு முடிச்சு விழுந்தது. 1802 டிசம்பரில், ஆஸ்டினுக்கு 27 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, மேனிடவுன் பண்ணைக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரிடம் கல்யாணம் பேசினார். அவருடைய சகோதரிகள் ஆஸ்டினின் நெருங்கிய தோழிகள். மணந்திருந்தால் வசதியும் வந்திருக்கும். மாலையில் சம்மதித்தவர் மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பல ஆண்டுகள் கழித்துத் தன் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், அன்பில்லாமல் மணப்பதைவிட வேறு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அறிவுரை சொன்னார். மரியான் கைப்பிடிக்கும்போது பிராண்டன்மேல் வைத்திருந்தது ஆழ்ந்த மதிப்பும் நல்ல நட்பும் மட்டுமே என்று நாவலே ஒப்புக்கொள்கிறது. அந்த அறிவுரைக்கு இது போதுமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் ஒரு ராத்திரி யோசித்துப் பார்க்க ஆஸ்டினுக்குக் கிடைத்த அவகாசத்தை மரியானுக்கு நாவல் கொடுத்துக் காட்டவில்லை.

பின்னால் சந்தோஷமாகத்தானே இருந்தாள் என்று கேட்கலாம். இருந்திருப்பாள். ஆனால் சந்தோஷத்தை வைத்து நியாயம் சொன்னால் வில்லோபியையும் விடுவிக்க வேண்டியிருக்கும். அவனுக்கும் நாவல் ஓரளவு சுகமான வாழ்க்கையைக் கொடுக்கிறது. மனைவி எப்போதும் சிடுசிடுப்பதில்லை, குதிரைகளும் நாய்களும் இருக்கின்றன, வேட்டைக்குப் போகிறான். அவன் எலைசாவுக்குச் செய்தது அதனால் சரியாகிவிடாது. மரியானின் நல்வாழ்வும் அவளைப் பரிசாகக் கொடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பெருமை அல்ல. தனக்கென்று முடிவான இடத்தில் ஒரு வாழ்க்கையைக் கட்டியெழுப்பியவள் அவள்தான். அது அவளுடைய திறமை, முடிவெடுத்தவர்களின் அதிர்ஷ்டம். அந்த முடிவைப் பற்றிச் சொல்லும்போதும் கதைசொல்லி முதலில் பேசுவது பிராண்டனின் சந்தோஷத்தைத்தான். மரியானின் சந்தோஷம் அவரைச் சந்தோஷப்படுத்துவதில் இருந்தது என்று பிறகு சொல்லிச் சேர்க்கிறாள்.

நாவலின் கடைசி வாக்கியம் எந்தக் கணவன் மனைவியைப் பற்றியதும் அல்ல. எலினோரும் மரியானும் ஏறக்குறைய ஒருவர் வீட்டை ஒருவர் பார்க்கும் தூரத்தில், தங்களுக்குள் சண்டையில்லாமல், கணவர்களுக்குள்ளும் மனத்தாங்கல் வரவிடாமல் வாழ்ந்தார்கள் என்றுதான் அது முடிகிறது.